யுரேனியத்துக்குள் ஒளிந்திருக்கும் ஒழுங்கு

யுரேனியம் என்றதும் எங்களுக்கு நினைவுக்கு வருவது குண்டுதான். 1991 இல் ஈராக்கிலும் 1999 இல் கொசோவோவிலும் அமெரிக்கப் படைகள் ஏவிய, கவச வாகனங்களைத் துளைக்கும் குண்டுகள் யுரேனியத்தால் ஆனவை. அணு எரிபொருளுக்காகச் செறிவூட்டிய பின் மிஞ்சும் யுரேனியம் அது. போரைப் பார்த்தவர்களின் காதில் அந்தச் சொல் வேறு எப்படியும் விழாது. ஆனால் அதே மிச்ச யுரேனியத்தில் சில கிராம்களை எடுத்து, பௌதிகவியலாளர்கள் நாற்பது ஆண்டுகளாக ஒரு புதிருக்கு விடை தேடுகிறார்கள். நான் படித்தது ஊடகக் கல்வி. ஆகவே சமன்பாடு எதுவும் இல்லாமல் சொல்கிறேன்.

பித்தளையில் செம்பு அணுவும் நாக அணுவும் வந்த இடத்தில் நிற்கும். உலோகச் சேர்வைகள் அப்படியல்ல, ஒவ்வோர் அணுவுக்கும் ஓர் இருக்கை உண்டு. ஒரு பங்கு யுரேனியம், இரு பங்கு ருத்தேனியம், இரு பங்கு சிலிக்கன் சேர்ந்த பளிங்கை எடுத்துக்கொள்வோம். சதுர அடி கொண்ட, நெட்டையான பெட்டி ஒன்றை நினையுங்கள். அதன் எட்டு மூலைகளிலும் நடுவிலும் யுரேனியம். யுரேனியத் தளங்களுக்கிடையே சிலிக்கன், ருத்தேனியம், மீண்டும் சிலிக்கன் என்று அடுக்குகள்.

இங்கே முக்கியமானது யுரேனிய அணுக்களுக்கிடையிலான தூரம். அது ஏறக்குறைய 3.5 ஆங்ஸ்ட்ரொமுக்குக் குறைந்தால் அணுக்களின் வெளி இலத்திரன்கள் ஒன்றோடொன்று கலந்து ஓடும். கூடினால் தத்தம் அணுவில் தங்கி, பொருள் காந்தமாகும். (ஓர் ஆங்ஸ்ட்ரொம் என்பது மீற்றரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு.) ஹில் எல்லை எனப்படும் விதி இது. எங்கள் பளிங்கில் அந்தத் தூரம் 4.1 ஆங்ஸ்ட்ரொம். விதிப்படி அது காந்தமாக வேண்டும்.

1985 இல் இதைக் குளிரவைத்துப் பார்த்தார்கள். 17.5 கெல்வினில், அதாவது மறை 256 பாகை செல்சியஸ் அளவில், அதன் வெப்பக் கொள்ளளவு திடீரென எகிறியது. இரும்பு காந்தமாகும்போதும் இப்படி எகிறும். உள்ளே ஏதோ பெரிதாக ஒழுங்குக்கு வருகிறது என்பதன் அடையாளம் அது. நியூத்திரன்களைச் செலுத்தித் தேடினார்கள். கிடைத்ததோ மிக நலிந்த காந்தம், அவ்வளவு வெப்ப மாற்றத்துக்குக் கணக்கே காட்டாது. அந்தத் துளியும் பளிங்கில் இருந்த இறுக்கத்தால் வந்தது என்றே பின்னர் பலர் முடிவுசெய்தார்கள்.

இலத்திரன்கள் ஒழுங்காகின்றன, எந்த ஒழுங்கு என்று தெரியவில்லை. அதனால் 'மறைந்த ஒழுங்கு' என்று பெயர் வைத்தார்கள். அறியாததை அறியாதது என்றே பெயரில் எழுதிவைத்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. கோட்பாடுகள் வரிசையாக வந்தன. எதுவும் எல்லோரையும் திருப்திப்படுத்தவில்லை.

ஏறக்குறைய 1.5 கெல்வினுக்குக் கீழே அதே பளிங்கு மின்தடையே இல்லாத மீகடத்தியாகிறது, அதுவும் மறைந்த ஒழுங்கு நிலவும்போதுதான். பளிங்கைப் போதிய அளவு அமுக்கினால் மறைந்த ஒழுங்கு போய் வழமையான காந்த ஒழுங்கு வந்துவிடும். மீகடத்தலும் அதோடு மறைந்துவிடும்.