பொங்கல் மாட்டுக்குத்தான், பானை முழுவதும் அல்ல

மாட்டுப் பொங்கலன்று மாலை வரை துள்ளிக்கொண்டு நின்ற மாடு, மறுநாள் காலையில் எழ மறுக்கிறது. தீவனத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறது. அசை போடவில்லை. சாணம் தண்ணீராக, புளித்த வாடையுடன் போகிறது. வீட்டில் உள்ளவர்கள் முதலில் நினைப்பது திருஷ்டி. அடுத்தது, நேற்றுக் குளத்தில் குளிப்பாட்டியதில் குளிர் கண்டிருக்கும் என்பது. பெரும்பாலும் இரண்டும் இல்லை. நேற்று ஆசையோடு ஊட்டிய சோறுதான் காரணம்.

கால்நடை மருத்துவர்கள் இதை அமில நோய் என்கிறார்கள். தானியத்தையோ சோற்றையோ அளவு மீறித் தின்ற மாட்டுக்கும் ஆட்டுக்கும் எந்த மாதத்திலும் இது வரும். கல்யாண வீட்டு மிச்சத்தைத் தின்றாலும் வரும். கட்டவிழ்த்துக்கொண்டு போய் நெல் குவியலில் வாய் வைத்தாலும் வரும். தை மாதத்தில் இரண்டும் ஒன்றாகக் கூடிவிடுகின்றன. வீட்டில் பொங்கல் பானை, களத்தில் சம்பா நெல்.

வயிற்றுக்குள் நடப்பது என்ன?

மாட்டின் நான்கு அறை வயிற்றில் முதல் அறையான பெருவயிறுதான் மிகப் பெரியது. அதை ஓர் ஊறல் தொட்டி என்று வைத்துக்கொள்ளலாம். வைக்கோலையும் புல்லையும் மாடு நேரடியாகச் செரிப்பதில்லை. அந்தத் தொட்டியில் வாழும் நுண்ணுயிர்கள்தான் நாரை மெதுவாக உடைத்து மாட்டுக்குச் சத்தாக்கித் தருகின்றன. அவை நன்றாக வேலை செய்ய, பெருவயிற்றின் கார அமில நிலை 6 முதல் 7 வரை இருக்க வேண்டும். இதைக் காப்பது உமிழ்நீர். கலப்பினக் கறவை மாடு ஒன்று நாளுக்கு 100 லிட்டருக்கும் மேல் உமிழ்நீர் சுரக்கிறது. வைக்கோலை மென்று அசை போடும்போதுதான் இவ்வளவும் ஊறும். கொழகொழவென்ற பொங்கலை மெல்ல வேண்டியதில்லை என்பதால் உமிழ்நீரும் குறைவு.

வெந்த அரிசி மாவுச்சத்து, வெல்லம் சர்க்கரை. இரண்டும் பெருவயிற்றில் மிக வேகமாகப் புளிக்கும். மாவுச்சத்தைத் தின்னும் பாக்டீரியாக்கள் சில மணி நேரத்தில் பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டுகின்றன. கார அமில நிலை 5.5-க்குக் கீழே இறங்கினால் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் மடியத் தொடங்கும். பெருவயிறு அசைவதை நிறுத்தும். அமிலச் செறிவு, இரத்தத்தில் இருக்கும் நீரைப் பெருவயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். அதனால்தான் வயிறு நீர் கோத்துத் தளும்பும்போதே மாட்டின் கண்கள் குழி விழுகின்றன. அமிலம் இரத்தத்திலும் ஏறினால் மாடு தள்ளாடும், படுக்கும், தலையை விலாப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்ளும். அந்த நிலைக்குப் பிறகு காப்பாற்றுவது கடினம். பிழைத்த மாடுகள் சிலவற்றுக்குச் சில நாள் கழித்துக் குளம்பு வலி வந்து நடை தட்டும்.

லேசான பாதிப்பு என்றால் மாடு படுக்காது. இரண்டு நாள் மந்தமாக நின்றுவிட்டுத் தேறிவிடும். ஆனால் பாலில் கொழுப்பு இறங்கிவிடும். சங்கத்தில் கொழுப்பையும் இதர சத்தையும் பார்த்துத்தானே விலை போடுகிறார்கள்? பொங்கலுக்கு அடுத்த வாரம் பாலுக்கு விலை குறைந்து வந்தால், குற்றம் பால் அளப்பவர் மீது மட்டும்தானா என்று யோசிக்க வேண்டும்.

யாரும் கணக்கு வைப்பதில்லை

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். விடுமுறைக்குச் சென்னையில் இருந்து மகன் குடும்பம், திருப்பூரில் இருந்து மகள் குடும்பம் என்று எட்டுப் பேர் கூடியிருக்கிறார்கள். தொழுவத்தில் படையல் முடிகிறது. ஆளுக்கு இரண்டு உருண்டை ஊட்டினால் பதினாறு. செல்போனில் படம் சரியாக விழவில்லை என்று பேரப்பிள்ளைகள் இன்னொரு முறை ஊட்டுவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தன் பங்குக்கு ஒரு இலைப் பொங்கலும் ஒரு சீப்பு வாழைப்பழமும் கொண்டுவருவார். யாரும் அதிகம் கொடுக்கவில்லை, ஆனால் மாடு அதிகம் தின்றுவிட்டது.

இருந்தாலும், பூசையில் ஊட்டும் உருண்டையைவிட நான் அதிகம் அஞ்சுவது இரவில் கழுநீர்த் தொட்டியில் போய் விழும் மிச்சத்தைத்தான். தைப் பொங்கலன்று செய்த சர்க்கரைப் பொங்கல், மறுநாள் வெண்பொங்கல், வடித்த சோறு, பாயசம், உடைந்த பணியாரம் எல்லாம் அங்கே சேர்கின்றன. வீணாக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில், பானையைக் கழுவிய தண்ணீரோடு மொத்தமும் மாட்டுக்குப் போகிறது. கைப்பிடி உருண்டையில் தப்பிய மாடு தொட்டியில் மாட்டிக்கொள்ளும்.

“எங்கள் மாடு தினமும் கஞ்சி குடிக்கிறது, ஒன்றும் ஆனதில்லையே” என்பவர்கள் உண்டு. உண்மைதான். நாள்தோறும் சிறிதளவு கஞ்சியும் அடர்தீவனமும் தின்கிற கறவை மாட்டின் வயிறு அதற்குப் பழகியிருக்கும். பழக்கமில்லாத மாட்டுக்குத் திடீரென்று கிடைப்பதுதான் ஆபத்து. வைக்கோலையும் மேய்ச்சலையும் மட்டுமே நம்பியிருக்கும் உழவு மாடு, பால் வற்றிய பசு, கிடேரி ஆகியவை இந்த வகை. அன்றைக்கு அதிக மரியாதை பெறுவதும் உழவு மாடுதான் என்பதை மறக்க வேண்டாம்.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்குப் பெருவயிறே இன்னும் சரியாக வளர்ந்திருக்காது. அதற்கு மாலை போட்டுப் பொட்டு வைத்தால் போதும், பொங்கல் வேண்டாம்.

செய்யக்கூடியது எளிது. படையலுக்கு முன்பே மாடுகளுக்கு வைக்கோலோ சோளத்தட்டோ வயிறு நிறையப் போட்டுவிடுங்கள். பசித்த மாடுதான் சோற்றை அள்ளி விழுங்கும். ஊட்டும் பொறுப்பை வீட்டில் ஒருவர் ஏற்றுக்கொள்ளட்டும். மாட்டுக்கு ஒரு கைப்பிடி உருண்டை என்று அவர் எண்ணிக் கொடுக்கட்டும். மற்றவர்கள் ஊட்ட ஆசைப்பட்டால் அகத்திக்கீரை, வேலிமசால், கோ 4 புல் என்று கட்டுக்கட்டாக வாங்கி வைக்கலாம். கட்டு வைத்த கரும்பில் வெட்டிய கொழுந்தாடையும் நல்ல தீவனம். நறுக்கி, மற்றத் தீவனத்தோடு கலந்து போடுங்கள். மிச்சச் சோற்றுக்கு எருக்குழி இருக்கிறது.

ஆடு வைத்திருப்போர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சின்ன உடம்பு என்பதால் ஒரு தட்டுச் சோறே அதற்கு அதிகம். போதாக்குறைக்கு, திடீர்த் தீவன மாற்றம் ஆட்டின் குடலில் உள்ள கிருமியைப் பெருக்கித் துள்ளுமாரி நோயைக் கிளப்பும். மாலையில் நன்றாக இருந்த குட்டி காலையில் செத்துக் கிடக்கும். கொழுத்த குட்டிகளைத்தான் அது முதலில் பிடிக்கும். இதற்குத் தடுப்பூசி உண்டு. பண்டிகைக்கு முந்தைய வாரம் போட்டுப் பயனில்லை, முன்கூட்டியே போட்டிருக்க வேண்டும்.

அலங்காரத்தில் கவனிக்க வேண்டியவை

நெட்டி மாலையை மாடு இழுத்துத் தின்றாலும் பெரிய கேடில்லை, அது செடிதான். பிளாஸ்டிக் மாலை, பலூன், சரிகைத்தாள் அப்படியல்ல. பெருவயிற்றில் தங்கிவிட்டால் வெளியே வராது. 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழகத்தில் தடை இருக்கிறது. ஆனாலும் வெல்லமும் பழமும் கேரி பையில்தான் வந்து சேர்கின்றன. பையை முடிச்சுப் போட்டுக் குப்பையில் எறிந்தால், உள்ளே ஒட்டியிருக்கும் வெல்லத்துக்காக மாடு பையோடு விழுங்கும். தோரணத்தில் குத்தும் குண்டூசியும் மாலையில் சுற்றும் மெல்லிய கம்பியும் அதைவிட மோசம். இரண்டாம் வயிற்றில் தங்கி, அங்கிருந்து குத்திக்கொண்டு இதயம் வரை போகக்கூடியவை அவை.

கொம்புக்கு எனாமல் பெயின்ட் அடிப்பது வழக்கமாகிவிட்டது. மாடுகள் ஒன்றையொன்று நக்கும். பெயின்டில் ஈயம் இருந்தால் அது உடம்பில் சேரும். வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்கு 2017 முதல் கட்டுப்பாடு வந்திருக்கிறது, தொழிற்சாலைப் பெயின்டுக்கு அது பொருந்தாது. காவியும் சுண்ணாம்பும் இருக்கும்போது டப்பாவைப் பிரித்து ஆராய்ந்துகொண்டிருப்பானேன்?

நாய்க்குச் சர்க்கரைப் பொங்கல் வைக்க வேண்டாம். அதில் போடும் உலர் திராட்சை நாயின் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். கறி எடுக்கும் நாளில் வெந்த கோழி எலும்பும் வேண்டாம். அது கூராக உடைந்து தொண்டையையும் குடலையும் கிழிக்கும்.

மாடு மந்தமாக நின்றால்

இடப்பக்கம், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் முஷ்டியை அழுத்தி இரண்டு நிமிடம் வைத்துப் பாருங்கள். நலமான மாட்டில் இரண்டு மூன்று முறையாவது பெருவயிறு உருண்டு வந்து கையைத் தள்ளும். அசைவே இல்லை, தண்ணீர்ப் பையைத் தொட்டதுபோல் தளும்புகிறது என்றால் காத்திருக்க வேண்டாம். சோறு, தவிடு, புண்ணாக்கு எல்லாவற்றையும் நிறுத்தி, வைக்கோல் மட்டும் முன்னே போடுங்கள். கடலை எண்ணெய் புகட்டுவது நுரை உப்புசத்துக்கான வைத்தியம், அமிலத்தை அது தணிக்காது. சமையல் சோடாவைக் கரைத்துக் கொடுக்கும் முறை இருக்கிறது. ஆனால் மாட்டின் எடையைச் சொல்லி, அளவை மருத்துவரிடம் கேட்ட பிறகே கொடுக்க வேண்டும். படுத்துவிட்ட மாட்டின் தலையைத் தூக்கிப் பிடித்து எதையும் ஊற்றக் கூடாது. நுரையீரலுக்குள் போனால் அதுவே உயிரை வாங்கிவிடும்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் உழவர் திருநாள், அரசு விடுமுறை. கால்நடை மருந்தகத்தில் நாள் முழுவதும் மருத்துவர் இருக்கமாட்டார் என்பதால், அவருடைய எண்ணை முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கால்நடை மருத்துவ ஊர்தியைக் கூப்பிட 1962 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. பேசும்போது மாடு என்ன தின்றது, ஏறக்குறைய எவ்வளவு, எத்தனை மணிக்கு, கடைசியாக எப்போது அசை போட்டது, சாணம் எப்படி இருந்தது, சினை என்றால் எத்தனை மாதம் என்பதைச் சொல்லுங்கள். “பொங்கல் கொஞ்சம்தான் கொடுத்தோம்” என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், கழுநீர்த் தொட்டியில் என்ன இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.