தொண்டை அடைப்பான்: கிருமியைக் கண்டறிந்தால் மட்டும் போதுமா?

தொண்டை அடைப்பான் எனப்படும் டிப்தீரியா, தடுப்பூசி இருந்தும் இந்தியாவில் இன்னும் ஒழியவில்லை. 2018 செப்டம்பரில் தில்லி மருத்துவமனைகளில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இந்நோயால் உயிரிழந்தனர். தொண்டையில் 'கோரினிபாக்டீரியம் டிப்தீரியே' என்னும் கிருமி இருப்பதைக் கண்டறிவதுடன் ஆய்வகத்தின் பணி முடிவதில்லை. அது எவ்வகைக் கிருமி, நச்சை உருவாக்குமா என்பதும் தெரிய வேண்டும்.

பெயரை நம்பலாமா?

தொண்டையிலிருந்து எடுக்கப்படும் மாதிரி, டெல்லூரைட் உப்பு கலந்த ஊடகத்தில் வளர்க்கப்படும். அதில் இக்கிருமிகள் கரிய திரள்களாகத் தோன்றும். 1931-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகர ஆய்வாளர்கள், கடுமையான நோயுடன் தொடர்புடைய திரள்களுக்கு 'கிராவிஸ்' என்றும், லேசான நோயுடன் தொடர்புடையவற்றுக்கு 'மைட்டிஸ்' என்றும் பெயரிட்டனர். ஆனால், பெயரைக் கொண்டு நோயின் கடுமையைக் கணிக்க இயலாது என்பது பின்னர் தெளிவானது. 'மைட்டிஸ்' வகையும் உயிரைப் பறிக்கக்கூடும்.

நச்சு எங்கிருந்து வருகிறது?

மூச்சுப் பாதையை அடைக்கும் படலத்துக்கும், இதயம், நரம்புகளின் பாதிப்புக்கும் காரணம் கிருமி வெளியிடும் நச்சு. அதற்கான மரபணுவைக் கிருமிக்குள் கொண்டுவருவது ஒரு வைரஸ். 1951-இல் அமெரிக்க விஞ்ஞானி விக்டர் ஃப்ரீமேன், நச்சற்ற கிருமிகளும் வைரஸ் தொற்றுக்குப் பின் நச்சை உருவாக்குவதைக் காட்டினார்.

சோதனைகள் எவை?

நச்சு மரபணு உள்ளதா என்பதை பிசிஆர் சோதனை சில மணி நேரத்தில் காட்டும். எனினும், மரபணு இருந்தும் செயல்படாத கிருமிகள் உண்டு. எனவே எலெக் சோதனை தேவைப்படுகிறது. நச்சுமுறி தோய்ந்த காகிதப் பட்டையின் அருகே கிருமியை வளர்த்தால், நச்சும் நச்சுமுறியும் சந்திக்கும் இடத்தில் வெண்கோடு தோன்றும். இதற்கு ஓரிரு நாள்கள் ஆகும். வெவ்வேறு ஊர்களில் பரவுவது ஒரே கிருமிதானா என்பதை மரபணு வரிசையாக்கம் தெரிவிக்கும்.

முடிவுக்காகச் சிகிச்சை காத்திருக்குமா?

காத்திருக்காது. செல்களுக்குள் புகுந்துவிட்ட நச்சை நச்சுமுறி மருந்தால் முறிக்க இயலாது. ஆகவே, அறிகுறிகளைக் கொண்டே மருத்துவர்கள் சிகிச்சையைத் தொடங்குவர். நோயை உறுதிசெய்யவும், பரவலைக் கண்காணிக்கவும் சோதனை முடிவுகள் உதவும்.

தடுப்பூசி நச்சையே குறிவைப்பதால், எவ்வகைக் கிருமியின் நச்சிலிருந்தும் அது பாதுகாப்பளிக்கிறது. குழந்தைகளுக்கு 6, 10, 14-ஆவது வாரங்களிலும், ஒன்றரை வயதையொட்டியும், பின்னர் 5, 10, 16 வயதுகளிலும் அரசுத் திட்டத்தின்கீழ் இது இலவசமாகச் செலுத்தப்படுகிறது.