தாமே சுழலும் துணிக்கைகளின் கூட்டியக்கம்

சங்குகளுள் இடம்புரியும் வலம்புரியும் உள. எவ்வாறு திருப்பினும் ஒன்று மற்றொன்றாகாது. தன் ஆடியுருவத்தோடு பொருந்தாத இவ்வியல்புக்குக் கெல்வின் பிரபு 1893 இல் கையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லடியாகப் பெயரிட்டார். தமிழில் அதனைக் கைத்தன்மை எனலாம்.

அசைவிலும் கைத்தன்மை உண்டு. எசரிக்கியா கோலி என்னும் பற்றீரியா நடுநீரிற் பெரும்பாலும் நேர்க்கோடுகளில் நீந்தும். கண்ணாடித் தளத்தை அணுகியதும் வட்டமிடும். அதன் சவுக்குமுளைகள் ஒரு திசையிற் சுழல, உடல் எதிர்த்திசையிற் சுழல்கின்றது. தளத்தருகே இவ்விரண்டும் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு உந்தப்படுதலின் பாதை வளைகின்றது.

தாமே சத்தியைச் செலவிட்டு இயங்கும் துணிக்கைகளின் திரளை இயங்குபொருள் என்பர். ஒவ்வொரு துணிக்கையும் தன் அயலவற்றின் சராசரித் திசையைப் பின்பற்றுமாயின், இடையூறு சிறிதாகவுள்ளபோது திரள் முழுவதும் ஒரே திசையிற் செல்லுமென 1995 இல் அங்கேரிய அறிஞர் விச்செக்கும் உடனாய்வாளரும் காட்டினர். ஆயின், ஒவ்வொன்றும் சுழலுமாயின் திரளுக்கு நேர்வது யாது?

இதற்கு உடுமீன் முளையங்கள் சிறந்த சான்றாகும். ஐக்கிய அமெரிக்காவின் மசச்சூசெற்சுத் தொழினுட்ப நிறுவக ஆய்வாளர் இவைபற்றிய ஆராய்ச்சியை 2022 இல் வெளியிட்டனர். பிசிர்களின் அடிப்பாற் சுழலும் முளையங்கள் நீரின் மேற்பரப்பை அடைந்து, தாம் எழுப்பும் நீரோட்டத்தால் ஒன்றையொன்று ஈர்த்து, ஆயிரக்கணக்கில் அறுகோண ஒழுங்குள்ள பளிங்காய் அமைகின்றன. அப்பளிங்கு முழுவதுமே சுழல்கின்றது. அதனிடத்து அலைவுகளும் தாமே தோன்றுகின்றன. பல பத்து மணிநேரம் நிலைத்தபின், முளையங்கள் வளர்ந்து வடிவம் மாறவே அது கலைகின்றது.

இங்கு ஓர் ஐயம் எழும். இரு பொருள்களை இணைக்கும் கோட்டின் வழியே மட்டும் விசை தொழிற்படின், ஓய்விலிருந்த அவை ஒன்றையொன்று சுற்றத் தொடங்கா. இம்முளையங்களோ அயலயலே நின்று ஒன்றையொன்று பக்கவாட்டிலும் தள்ளிச் சுற்றுகின்றன. கோணவுந்தக் காப்பு விதி பொய்த்ததோ எனின், அன்று. சூழ்ந்த நீரையும் அதனைத் தாங்கும் கலத்தையும் சேர்த்தெண்ணின் கணக்கு ஒக்கும். அவ்வாறே, மீள்தன்மையுள்ள சாதாரண திண்மமொன்றை நெருக்கியும் திருகியும் பழைய நிலைக்குக் கொணரின் அதனிடமிருந்து பெறும் சத்தி யாதுமில்லை. இத்தகைய பளிங்கிலோ ஒவ்வொரு சுற்றிலும் வேலை வெளிப்படக்கூடும். அதுவும் வெறுமையிற் பிறந்ததன்று. உறுப்புக்கள் இடையறாது செலவிடும் சத்தியே அதற்கு ஈடாகும்.

ஆகவே, உறுப்பொன்றின் சிறு சுழற்சி அவ்வுறுப்போடு அடங்குவதன்று. உறுப்புக்கள் கூடியவிடத்து, அதுவே தொகுதியின் அமைப்பையும் அசைவையும் வகுக்கும் இயல்பாகின்றது. இதனை ஆராய்வார் பொருளை மட்டுமன்றி அது இயங்கும் ஊடகத்தையும் உடன் நோக்குதல் வேண்டும்.