பெருங்காயத்திலும் கோதுமை: சிங்கப்பூரில் சீலியாக் நோயாளி என்ன சாப்பிடலாம்?

கோதுமை ஆகாதவருக்குச் சிங்கப்பூரில் என்ன கவலை, லிட்டில் இந்தியாவின் தேக்கா பக்கம் போனால் இட்லியும் தோசையும் கிடைக்குமே என்று பலரும் நினைப்பார்கள். சீலியாக் நோய் உள்ளவருக்கு அந்தக் கணக்கு உதவாது.

கோதுமை, பார்லி, ரை தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. அது உள்ளே போனால் இந்நோயாளியின் எதிர்ப்பாற்றல் அவருடைய சிறுகுடலின் உட்சுவரையே தாக்கும். குணப்படுத்தும் மருந்து இல்லை. ஆயுள் முழுக்க அந்தத் தானியங்களைத் தொடாமல் இருப்பதுதான் சிகிச்சை. வட இந்தியாவைவிடத் தெற்கில் இந்நோய் குறைவு. அதனால் நம் சமையல்காரர்கள் பலருக்கு இதன் பெயரே புதிது.

பரோட்டா, பூரி, ரவா தோசையை யாரும் சொல்லாமலே ஒதுக்கிவிடலாம். சாம்பாரில்தான் சிக்கல். கலப்பில்லாத பெருங்காயத்தின் காரம் தாங்காது என்பதால், கடையில் விற்கும் தூளில் பிசினோடு மாவும் சேர்க்கிறார்கள். பல தயாரிப்புகளில் அது கோதுமை மாவு. சாம்பார், ரசம், உளுந்து வடை, ஏன், தாளித்த தயிர்சாதம் வரை அது போகிறது. ரவா தோசை வார்த்த கல்லிலேயே சாதா தோசையும் வார்ப்பார்கள். பூரி பொரித்த எண்ணெயில் அப்பளமும் பொரியும்.

ஆகவே “குளூட்டன் இருக்கிறதா?” என்று கேட்டுப் பயனில்லை. கோதுமை, மைதா, ரவை, பெருங்காயம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். லிட்டில் இந்தியாவில் இதைத் தமிழிலேயே கேட்க முடிவது பெரிய வசதி. தனிச் சட்டியில் சுடும் அப்பம், மலாய்க்காரர்கள் புட்டு மாயம் என்று வாங்கும் இடியாப்பம், வெறும் சோறு, தாளிக்காத தயிர் ஆகியவை ஓரளவு நம்பத்தக்கவை. அப்பத்திலும் இடியாப்பத்திலும் மைதா கலந்திருக்கிறதா என்று மட்டும் விசாரித்துவிடுங்கள்.

2020இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற உணவங்காடிப் பண்பாட்டை ருசிக்காமல் திரும்ப யாருக்கும் மனம் வராது. ஆனால் அங்கே சோயா சாஸ் இருக்கிறது. வழக்கமான சோயா சாஸ் கோதுமை சேர்த்துப் புளிக்கவைத்தது. குவே தியாவ் அரிசி நூடுல்ஸ்தான். அதை வறுக்கும் கறுப்பு சாஸ் அரிசியல்ல. கோழிச் சோற்றிலும் அந்தச் சாஸை ஊற்றுவது உண்டு. காப்பிக்கடை மைலோவில் பார்லி மால்ட் இருக்கிறது. தே தாரிக் தேநீரில் அந்தத் தொல்லை இல்லை. எவையெல்லாம் ஆகாது என்று சீனத்திலும் மலாயிலும் எழுதிய அட்டை ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது நல்லது.

கடையில் மாட்டியிருக்கும் ‘ஏ’ தரச் சான்றைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது சுத்தத்துக்குத் தந்தது. பொட்டலத்தில் அடைத்து விற்கும் உணவில் குளூட்டன் தானியங்களைக் குறிப்பிட வேண்டும் என்று சிங்கப்பூர்ச் சட்டம் சொல்கிறது. அடுப்பிலிருந்து தட்டுக்கு வருவதில் லேபிள் ஏது?

மதியக் கூட்டத்தில் கேட்டால் அவசரத்தில் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். மூன்று மணிக்குமேல் போய்க் கேளுங்கள், முடிந்தால் பெருங்காய டப்பாவைக் காட்டச் சொல்லுங்கள். உணவக உரிமையாளர்களிடமும் ஒரு வேண்டுகோள்: அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் சந்தையில் கிடைக்கிறது. அடுத்த முறை அதை வாங்கிப் பாருங்கள்.