இனாம் குடையும் பூட்டிய கைபேசியும்

1906ஆம் ஆண்டில் வ. உ. சிதம்பரம் பிள்ளை தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியின்பால் மக்கள் திரண்டு போவதைக் கண்ட பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியார், தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் செல்லும் கட்டணத்தை முதலில் குறைத்து, அதுவும் பலிக்காதபோது கட்டணமே வேண்டாமென்று சொல்லி, கப்பலேறுகிறவர்களுக்குக் குடையொன்றும் இனாமாகக் கொடுத்தார்கள் என்ற கதையை இந்தக் கரையில் கேளாதவர் சிலரே. போட்டியாளர் ஒழிந்து, 1911இல் சுதேசிக் கம்பெனி கலைக்கப்பட்ட பின்னர், கட்டணத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் யார் கையில் போய்ச் சேர்ந்தது என்பதை யோசித்தால், அந்தக் குடைக்கு உண்மையில் விலை கொடுத்தவர் யாரென்பது விளங்கும். தூத்துக்குடி டபிள்யூ.ஜி.சி. சாலையில் கைபேசிக் கடைகளின் வாசலில் தொங்கும் ‘மலிவு விலை, சுலபத் தவணை’ விளம்பரங்களைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்தக் குடையின் ஞாபகம் வந்துவிடுகிறது.

அத்தகைய மலிவோடு சேர்ந்து வரக்கூடிய கைபேசிப் பூட்டு என்பது கண்ணுக்குத் தெரிகிற வஸ்து அன்று. செருகப்பட்ட சிம் அட்டை எந்தக் கம்பெனியைச் சேர்ந்தது என்று கருவிக்குள்ளிருக்கும் மென்பொருள் பார்த்து, தனக்கு விதிக்கப்பட்ட கம்பெனியினுடையது அல்லவென்றால் அதை ஏற்க மறுத்துவிடும், அவ்வளவுதான். 2003ஆம் ஆண்டு ஜூலையில் ரிலையன்ஸ் இன்ஃபோகாம் 501 ரூபாய் முன்பணத்துக்குக் கைபேசி கொடுத்தபோது, சிடிஎம்ஏ தொழில்நுட்பத்தில் இயங்கிய அந்தக் கருவிகள் பெரும்பாலானவற்றில் எடுத்து மாற்றுவதற்கு சிம் அட்டையே கிடையாது. எண்ணே கருவிக்குள் பதிந்திருந்தது. சாமானியர் கைக்குத் தொலைபேசி வந்து சேர்ந்தது அந்த மலிவினால்தான் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 2017இல் அறிவிக்கப்பட்ட ஜியோபோன், மூன்றாண்டுகளுக்குப் பின் நிபந்தனைகளுக்கு உட்பட்டுத் திரும்பக் கிடைக்கக்கூடிய 1,500 ரூபாய் வைப்புத்தொகைக்குக் கிடைத்தது. ஜியோ சிம் அன்றி வேறெதுவும் அதில் வேலை செய்யாது. பூட்டு ஏழைகளுக்கு மட்டும் விதிக்கப்பட்டது என்று எண்ணிவிட வேண்டாம்: 2008 ஆகஸ்டில் ஏர்டெல், வோடஃபோன் வாயிலாக இந்தியாவுக்கு வந்த ஐபோன், முப்பதாயிரத்துக்கு மேல் விலை கொடுத்து வாங்கியவரிடமும் பூட்டப்பட்டே வந்து சேர்ந்தது. இனாம் குடைக்காவது கட்டுப்பாடு உண்டென்று சமாதானம் சொல்லலாம். முழு விலை கொடுத்து வாங்கிய குடைக்கும் கட்டுப்பாடு என்பது எந்த ஊர் நியாயமோ!

பூட்டின் அருமை ஆபத்துக் காலத்தில்தான் தெரியும். 2018 பிப்ரவரியில் ஏர்செல் கம்பெனியின் கோபுரங்கள் தமிழ்நாடெங்கும் அடுத்தடுத்து மௌனமாகி, மாவட்டந்தோறும் ஜனங்கள் அதன் அலுவலகங்களின் வாசலில் கூடி நின்றபோது, பூட்டில்லாத கைபேசி வைத்திருந்தவர் பக்கத்துக் கடையில் வேறொரு சிம் வாங்கிச் செருகி அன்றைய வேலையைப் பார்த்துக்கொண்டார். பூட்டிய கருவி வைத்திருந்தவருக்கு அத்தகைய வேளையில் எண்ணோடு கருவியும் முடங்கியிருக்கும்.

எண்ணைக் காப்பாற்றிக்கொள்ளும் உரிமை 2011 ஜனவரி முதல் நாடு முழுவதும் நமக்குண்டு. ஆங்கிலத்தில் ‘போர்ட்’ என்று எழுதி, ஓர் இடம் விட்டுத் தம்முடைய எண்ணையும் சேர்த்து 1900க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், நமது மாநிலத்தில் நான்கு நாள் செல்லுபடியாகும் குறியீடு ஒன்று வரும்; அதைக் கொண்டு வேறு கம்பெனிக்கு மாறலாம். ஆனால் எண்ணுக்குத்தான் இந்தச் சுதந்திரம், கருவிக்கு அல்ல. சிங்கப்பூரில் பூட்டிய கைபேசி விற்கக் கூடாது. கனடாவில் 2017 டிசம்பர் முதல் கூடாது. அத்தகைய பொதுவான தடை இங்கே இல்லாமையால், ஜாக்கிரதையாக இருக்க வேண்டியவர் வாங்குகிறவரே. கப்பல் வேலையிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் உறவினர் கொண்டுவந்து கொடுக்கும் கைபேசிகள் மிகுந்த இவ்வூரில் இது வீண் எச்சரிக்கை அன்று. அமெரிக்கக் கம்பெனியிடம் தவணை பாக்கியுள்ள கருவி நம்மூர் சிம்மை ஏற்காமல் போகக்கூடும்.

1961இல் இக்கரையில் கடைசியாக நடந்த பெரிய முத்துக்குளிப்பு வரையில், சிப்பிகளைத் திறவாமலே ஆயிரக்கணக்கில் ஏலத்தில் எடுத்து, உள்ளே முத்திருக்குமோ வெறும் ஓடாகுமோ என்று தெய்வத்தை நம்பியிருந்தார்கள் வியாபாரிகள். கைபேசி வாங்குகிறவருக்கு அந்தத் தலையெழுத்து இல்லை. இரண்டு வேறு கம்பெனிகளின் சிம் அட்டைகளைக் கையோடு கொண்டுபோய், பணம் கொடுக்குமுன் கடையிலேயே செருகி, பேசியும் இணையத்தைத் திறந்தும் பார்த்துவிடலாம். ஐபோனானால் ‘செட்டிங்ஸ்’, ‘ஜெனரல்’, ‘அபவுட்’ என்று போய், ‘கேரியர் லாக்’ என்ற வரியில் கட்டுப்பாடு இல்லையென்று எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பூட்டைத் திறந்து தருகிறேன் என்று சொல்லும் தெருக்கடைக்காரர் கருவியின் ஐஎம்இஐ என்னும் அடையாள எண்ணை மாற்ற மட்டும் இடம்கொடுக்கலாகாது. அது சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

கருவியில் பூட்டில்லாவிட்டாலும் ரீசார்ஜ் திட்டத்தில் ஒரு பூட்டு உண்டு. ‘தினம் ஒன்றரை ஜிபி’ என்பது கேட்கத் தாராளமாக இருக்கிறது. ஆனால் விடியுமுன் கடலுக்குப் போய், கோபுரத்தின் அலை எட்டாத தூரத்தில் வலையிழுத்து, இரவில் கரை திரும்பும் திரேஸ்புரத்து மீனவருக்கு, அன்றைய பங்கு பெரும்பாலும் தீண்டப்படாமலே நள்ளிரவோடு காலாவதியாகிவிடுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளிக்கு வருமானம் நிற்கிறது, ரீசார்ஜ் நிற்பதில்லை. அன்றைய அளவு தீர்ந்தபின் ‘வரம்பற்ற’ இணையம் 64 கேபிபிஎஸ் வேகத்துக்கு இறங்கும் திட்டங்களில், ஒரு எம்பி அளவுள்ள புகைப்படம் ஒன்று வந்து சேர இரண்டு நிமிஷத்துக்கு மேலாகும். மாதமென்று நாம் நினைப்பது அவர்கள் கணக்கில் 28 நாளாகையால், ஆண்டுக்குப் பன்னிரண்டன்று, பதின்மூன்று ரீசார்ஜ். இதைக் கண்டே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022 ஜனவரியில், 30 நாள் திட்டம் ஒன்றும், மாதந்தோறும் அதே தேதியில் புதுப்பிக்கத்தக்க திட்டம் ஒன்றும் ஒவ்வொரு கம்பெனியும் வைத்திருக்க வேண்டுமென்று உத்தரவிட்டது. 2024 டிசம்பரில், இணையம் வேண்டாதவர்க்குப் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டுமுள்ள திட்டமும் வேண்டுமென்று விதித்தது. இவை கடைக்காரர் தாமாக எடுத்துச் சொல்பவை அல்ல, கேட்டால்தான் வரும்.

தவணைக் கைபேசி வேறொரு விஷயம். முன்பணம் கொடுத்த தரகரிடமே மீனை விற்றாக வேண்டிய படகுக்காரரின் நிலைமையை இக்கரை நன்கறியும். தவணை தவறினால் கருவியைத் தொலைவிலிருந்தே முடக்கும் செயலியைப் பதித்துக் கொடுப்பதும் அதன் தம்பிதான். 2024 அக்டோபர் முதல், மொத்த வட்டியையும் கட்டணங்களையும் தெளிவாக எழுதிய முக்கிய விவர அறிக்கையைக் கடன் வாங்குகிறவருக்குக் கொடுத்தாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதை வாங்கிப் படித்த பிறகே கையெழுத்து. முறையீட்டுக்குக் கடன் கொடுத்த நிறுவனம் 30 நாளில் பதில் தராவிட்டாலும், தந்த பதில் திருப்தியளிக்காவிட்டாலும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448.

தொலைபேசிக் கம்பெனியோடு வழக்கானால் முதலில் 198க்கு அழைத்துப் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். அது தீராவிட்டால் 30 நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக வேண்டும். தனிநபர் புகார்களை டிராய் நேரடியாக விசாரிப்பதில்லை என்பதால் அங்கே எழுதிக் காத்திருப்பதில் பிரயோஜனமில்லை. 2009இல் வெளியான தீர்ப்பொன்றைக் காட்டி, தொலைபேசித் தகராறுகளை நுகர்வோர் மன்றங்கள் விசாரிக்கலாகாது என்று வாதித்துவந்த கம்பெனிகளின் வாயை, 2022 பிப்ரவரியில் வோடஃபோன் ஐடியா வழக்கில் உச்ச நீதிமன்றம் அடைத்துவிட்டது. பூட்டு இருப்பதைச் சொல்லாமல் விற்ற கடைக்காரர் மீதும் இதே வழிதான்: நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அழைத்துப் பார்க்கலாம், அல்லது இரண்டாண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுக்கலாம். வக்கீல் கட்டாயமில்லை, கொடுத்த விலை ஐந்து லட்சம் வரையில் மனுக் கட்டணமும் இல்லை, கைபேசியை இணையத்தில் எந்த ஊர்க் கடையில் வாங்கியிருந்தாலும், 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி தாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்கிடலாம். ரசீது, பெட்டி, விளம்பரத்தின் படம், புகார் எண் ஆகிய நான்கையும் கையோடு கொண்டுபோக வேண்டும்.