பாம்புக்கு உண்ணி பிடிச்சா உஷார்: கண்ட மருந்தை அடிச்சா உயிரே போகும்!

சென்னை:
பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். அந்தப் பாம்பையே கடுகை விட சின்ன பூச்சி ஒன்று படாதபாடு படுத்துகிறது. ரத்தம் குடிக்கும் உண்ணிதான் அது. அதை ஒழிக்கிறேன் பேர்வழி என்று கையில் கிடைத்த மருந்தை அடித்தால், உண்ணியோடு பாம்பும் சேர்ந்து செத்துப்போகும்.

நல்ல பாம்பு, சாரை, நம்மூர் மலைப்பாம்பு எதையும் வீட்டில் வளர்க்க முடியாது. 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்பு சட்டப்படி குற்றம். மீறினா கம்பி எண்ண வேண்டியதுதான். நகரங்களில் சிலர் வளர்ப்பது மேற்கு ஆப்பிரிக்காவை சேர்ந்த 'பால் பைத்தான்'. பயந்தால் பந்து போல சுருண்டு கொள்ளும் சாது. இதையும் 2024-ல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பாங்காக்கில் இருந்து பெட்டியில் ஒளித்து கடத்தி வந்த குட்டிகள் சென்னை விமான நிலையத்தில் பலமுறை சிக்கியிருக்கின்றன. அப்படி நெரிசலில் அடைபட்டு வரும் பாம்புக்கு உண்ணி தொற்ற வாய்ப்பு அதிகம்.

தண்ணியிலேயே கிடக்குதா?

பாம்பு எந்நேரமும் தண்ணி தொட்டியிலேயே கிடந்தால் சந்தேகப்பட வேண்டும். கண்ணை சுற்றியும் தாடைக்கு அடியிலும் கருப்பு புள்ளிகள் தெரியும். தொட்டியில் மிளகுப்பொடி தூவியது போல செத்த உண்ணிகள் மிதக்கும். கவனிக்காமல் விட்டால் ரத்தசோகை வந்து பாம்பு துவண்டு போகும்.

பாம்பை மட்டும் சுத்தம் செய்து புண்ணியமில்லை. உண்ணி முட்டை போடுவது கூண்டின் இடுக்கில். ஒரு பெண் உண்ணி 60 முதல் 80 முட்டை வரை போடும். நம்ம ஊர் சூட்டுக்கு இரண்டே வாரத்தில் அடுத்த தலைமுறை தயார்.

ஒரு சொட்டுகூட அதிகம்

மாட்டுக்கு போடும் 'ஐவர்மெக்டின்' ஊசி மருந்தில் ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. பாம்புக்கு டாக்டர்கள் கணக்கிடுவது கிலோவுக்கு 0.2 மில்லிகிராம். ஒன்றரை கிலோ பாம்புக்கு ஒரு சொட்டுகூட தேவையில்லை. குத்துமதிப்பாக ஏற்றினால் கதை முடிந்தது. ஆமைக்கு இந்த மருந்து ஆகவே ஆகாது, கை கால் செயலிழந்து செத்துவிடும்.

வெளிநாட்டில் ஒரு காலத்தில் 'டைக்ளோர்வாஸ்' பூச்சிக்கொல்லி பட்டையை கூண்டில் தொங்கவிட்டார்கள். பாம்பின் நரம்பையும் அது தாக்கியது. இந்தியாவில் 2020 டிசம்பர் 31-க்கு பிறகு அந்த மருந்துக்கே தடை. கரப்பான் ஸ்பிரே, கொசு ஸ்பிரே பக்கமும் போகக்கூடாது.

நாய்க்கு அடிக்கும் 'பிப்ரோனில்' ஸ்பிரேயை டாக்டர்கள் பாம்புக்கும் பயன்படுத்துவதுண்டு. ஆனா நேரா அடிக்க மாட்டார்கள். துணியில் நனைத்து லேசாக துடைப்பார்கள். குட்டிக்கும், மெலிந்து கிடக்கும் பாம்புக்கும் அதுவும் ஆபத்து. 'பெர்மெத்ரின்' கலந்த மருந்து கூண்டுக்கு மட்டும்தான். பாம்பையும் தண்ணி தொட்டியையும் வெளியே எடுத்துவிட்டு அடித்து, நன்றாக காய்ந்து வாடை போன பிறகே உள்ளே விட வேண்டும். வீட்டில் பூனை இருந்தால் அதை கிட்டவே விடாதீங்க. பூனைக்கு பெர்மெத்ரின் விஷம்.

மருந்தில்லாமலும் பாதி வேலை நடக்கும். வெதுவெதுப்பான தண்ணியில் (சுடு தண்ணி இல்லை) பாம்பை அரைமணி நேரம் விட்டால் நிறைய உண்ணி மூழ்கி சாகும். தலையில் இருப்பது தப்பிக்கும், அதை ஈரத்துணியால் துடைக்கணும். கூண்டில் போட்ட மரத்தூளை கட்டி வெளியே எறிந்துவிட்டு, வெள்ளை பேப்பர் விரித்தால் புள்ளி ஊர்வது பளிச்சென்று தெரியும். கூண்டை கொதிக்கிற தண்ணியில் கழுவ வேண்டும். முட்டை பொரிந்து பொரிந்து வரும் என்பதால் வாரம் ஒருமுறை இதை திரும்ப செய்ய வேண்டும்.

எந்த மருந்தானாலும் பாம்பை எடை போட்டு பார்த்துதான் அளவு. வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரி போன்ற இடங்களில் பாம்பு பார்க்கும் டாக்டர் எந்த நாளில் வருவார் என்று கேட்டுவிட்டு போவது நல்லது. புதுசா வாங்கும் பாம்பை மூன்று மாதம் தனி அறையில் வைக்க வேண்டும். அதை தொட்ட கையோடும், அதே சட்டையோடும் பழைய பாம்பை எடுத்தால் உண்ணி துணியிலேயே சவாரி செய்து வந்துவிடும்.