தூங்கும் கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்புங்கள்!

பாளையங்கோட்டையில் உங்கள் வீட்டு மாடியறையில் டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் ஸ்லீப் நிலையில் இருக்கிறது. நீங்கள் கீழே லேப்டாப்புடன் உட்கார்ந்திருக்கிறீர்கள். மாடிக் கம்ப்யூட்டரில் ஷேர் செய்துள்ள ஒரு பைல் உடனே வேண்டும். படியேற வேண்டியதில்லை. அதற்காகக் கம்ப்யூட்டரை நாள் முழுவதும் ஓடவிட்டு மின்கட்டணம் கட்டவும் வேண்டாம். "வேக் ஆன் லேன்" என்ற வசதி இருக்கிறது.

கம்ப்யூட்டர் தூங்கும்போதும் நெட்வொர்க் கார்டுக்கு மட்டும் சிறிதளவு மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். தன் பெயர் சொல்லி யாராவது அழைக்கிறார்களா என்று அது காத்திருக்கும். அந்த அழைப்புக்கு "மேஜிக் பாக்கெட்" என்று பெயர். 1995-இல் ஏ.எம்.டி. நிறுவனம் எச்.பி.யுடன் சேர்ந்து இதை அறிமுகப்படுத்தியது. முதலில் 6 பைட்டுகள். பிறகு அந்தக் கார்டின் மாக் முகவரி 16 முறை. மொத்தம் 102 பைட்டுகள்தான்!

செய்ய வேண்டியவை:

1. பயாஸ் அமைப்பில் "வேக் ஆன் லேன்" என்பதை இயக்குங்கள். சில போர்டுகளில் வேறு பெயரில் இருக்கும். மதர்போர்டு கையேட்டைப் பாருங்கள்.

2. விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, நெட்வொர்க் கார்டின் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் செல்லுங்கள். பவர் மேனேஜ்மென்ட் டேபில், கம்ப்யூட்டரை எழுப்ப இந்தக் கார்டை அனுமதிக்கும் கட்டத்தில் டிக் செய்யுங்கள். மேஜிக் பாக்கெட் மட்டுமே எழுப்பலாம் என்ற கட்டத்திலும் டிக் செய்யுங்கள். இல்லாவிட்டால் வேறு நெட்வொர்க் செய்திகளும் நடுராத்திரியில் எழுப்பிவிடலாம்.

3. கமாண்ட் பிராம்ப்டில் "ஐபிகான்பிக் /ஆல்" கட்டளையை ஆங்கிலத்தில் டைப் செய்தால் "பிசிகல் அட்ரஸ்" தெரியும். அதுதான் மாக் முகவரி. குறித்துக்கொள்ளுங்கள்.

4. லேப்டாப்பிலோ மொபைலிலோ ஒரு வேக் ஆன் லேன் புரோகிராமை நிறுவி, அந்த முகவரியைக் கொடுத்து அனுப்புங்கள்.

வீட்டில் வைஃபை மட்டும் இருந்தால்? பல வயர்லெஸ் கார்டுகள் தூங்கும்போது ரூட்டருடன் தொடர்பை விட்டுவிடும். அழைப்பு காதில் விழாது. தூங்கும் கம்ப்யூட்டரை மட்டும் ரூட்டருடன் கேபிளில் இணைத்துவிடுங்கள். அழைப்பவர் வைஃபையிலேயே இருக்கலாம். ஆனால் அதே ரூட்டரின் கெஸ்ட் நெட்வொர்க்கில் இருந்தால் அழைப்பு போகாமல் போகலாம்.

ஷட் டவுன் செய்துவிட்டால் பல கம்ப்யூட்டர்கள் எழாது. எனவே ஸ்லீப்பையே தேர்ந்தெடுங்கள்.

முக்கியமான எச்சரிக்கை: ஸ்லீப்பில் உங்கள் திறந்த பைல்கள் ராம் நினைவகத்தில்தான் இருக்கும். மின்சாரம் போனால், சேமிக்காதவை எல்லாம் போய்விடும், கார்டும் அடங்கிவிடும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரைபுரண்டபோது, நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் பல பகுதிகள் மின்சாரமின்றித் தவித்தன. மழைக்காலத்தில் பைலைச் சேமிக்காமல் கம்ப்யூட்டரைத் தூங்கவைக்காதீர்கள். சின்ன மின்தடைகளைச் சமாளிக்க ஒரு யூ.பி.எஸ். போதும், நீண்ட மின்தடை வரும் என்று தெரிந்தால் முறையாக ஷட் டவுன் செய்துவிடுங்கள்.

மேஜிக் பாக்கெட்டுக்குப் பாஸ்வேர்டு பூட்டைத் திறக்கத் தெரியாது. எழுப்ப மட்டுமே தெரியும். ஆகவே விண்டோஸ் பாஸ்வேர்டு கட்டாயம் இருக்கட்டும்.